போல்ட்டை இழுக்க விடாதீர்கள்: தாமிரபரணிக் கரை மெக்கானிக்குகளுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், ஸ்ரீவைகுண்டம் வட்டாரங்களில் கார் பட்டறை நடத்தும் அண்ணாச்சிமாருக்கும், அங்கே ஸ்பேனர் பிடிக்கும் தம்பி தங்கைகளுக்கும்,



2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசைத் தண்ணீர் சூழ்ந்தது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் ஏறத்தாழ 800 பயணிகளோடு நின்றுபோனது. ஜங்ஷனில் தொடங்கி ஆற்றங்கரை ஊர்கள் நெடுகக் கார்கள் முங்கிக் கிடந்தன. வெள்ளம் வடிந்ததும் அவை கயிறு கட்டி இழுக்கப்பட்டு உங்கள் பட்டறை வாசலுக்குத்தான் வந்தன.

அப்படி வந்தவற்றில் கிளட்ச் பெடல் இல்லாத வண்டிகளும் இருந்தன. 2014-ல் மாருதி செலேரியோ ஏ.எம்.டி.யோடு வந்தபோது, நம் பக்கத்தில் அதை வேடிக்கையாகப் பார்த்தவர்கள்தான் அதிகம். இன்று ஏ.எம்.டி., சி.வி.டி., இரட்டை கிளட்ச், டார்க் கன்வெர்ட்டர் வைத்த முழு ஆட்டோமேட்டிக் என நான்கு வகையும் வண்ணார்பேட்டை சிக்னலில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. ஓட்டுகிறவருக்கு எல்லாம் ‘ஆட்டோமேட்டிக்’தான். கழற்றி மாட்டுகிற உங்களுக்கு ஒவ்வொன்றும் வேறு வேறு.

சூடாக ஓடிவந்த ஆட்டோமேட்டிக் பாக்ஸ் வெள்ளத்தில் நின்றால் சட்டென்று குளிரும். உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் வழியே வெளியில் இருப்பதை உள்ளே இழுக்கும். வெளியில் இருப்பது வெள்ளத் தண்ணீர். சிவப்பாக இருந்த ஏ.டி.எஃப். ஆயில் ரோஸ்மில்க் மாதிரி ஆகிவிடும். கிளட்ச் பிளேட்டுகளின் மேல் ஒட்டியிருக்கும் காகித நார்ப் பட்டையைத் தண்ணீர் ஊறவைக்கும், ஒட்டிய பசையை இளக்கும். அதனால்தான் ஆயிலை மட்டும் மாற்றி அனுப்பிய வண்டிகள் சில மாதங்களில் கியர் வழுக்கித் திரும்பி வருகின்றன. அந்த மழைக்குப் பிறகு பாக்ஸை இறக்கிப் பிரித்துப் பார்க்கும் வேலை நம் வட்டாரத்திலும் பழக்கமாகிவிட்டது.

பிரித்துப் பார்க்கும் அந்த உள்வேலையைப் பற்றி நான் எழுதவில்லை. பார்த்து முடித்த பாக்ஸைத் திரும்ப எஞ்சினோடு சேர்க்கும் கடைசி இரண்டு மணி நேரத்தைப் பற்றி எழுதுகிறேன். வாரக்கணக்கில் உட்கார்ந்து கவனமாகச் செய்த உள்வேலை, ஏற்றும்போது செய்த ஒரே அவசரத்தால் பாழாகலாம். நான் சொல்ல வந்தது இதுதான்: பாக்ஸை எஞ்சினோடு சேர்க்க வேண்டியவை உங்கள் கைகள். சேர்ந்ததைப் பிடித்து வைப்பது மட்டுமே போல்ட்டின் வேலை. எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்க வேண்டும் என்பதைத் தோள்பட்டை சொல்லக் கூடாது, தயாரிப்பாளர் கொடுத்த எண் சொல்ல வேண்டும்.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். பல பட்டறைகளில் லிஃப்ட் கிடையாது, கியர் பாக்ஸ் ஜாக்கி கிடையாது. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, சாதாரண ஜாக்கியின் மேல் பலகை வைத்து, எழுபது எண்பது கிலோ பாக்ஸை இரண்டு பேர் கீழே படுத்துக்கொண்டு ஏற்றுகிறீர்கள். பாக்ஸ் ஏறும், ஆனால் எஞ்சினோடு முழுக்க ஒட்டாது. ஒரு விரல் இடைவெளி நிற்கும். கை ஓய்ந்துபோயிருக்கும். அப்போதுதான் மேலே நிற்கும் யாராவது சொல்வார்கள்: “நாலு போல்ட்டை மாட்டி முடுக்குல, தானா வந்திரும்.”

தானாக வராது. போல்ட் இழுத்து வரும். அந்த இழுப்பு எங்கே போய் விழுகிறது என்பதைப் பாருங்கள்.

முழு ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினுக்கும் பாக்ஸுக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர் உட்கார்ந்திருக்கிறது. அது சும்மா வந்து ஒட்டிக்கொள்கிற பொருள் அல்ல. உள்ளே அதன் டர்பைன் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டில் ஏற வேண்டும். நடுவில் இருக்கும் ஸ்டேட்டர், அதற்கென உள்ள நிலையான குழலின் பற்களில் ஏற வேண்டும். கழுத்தில் இருக்கும் வெட்டுகள் ஆயில் பம்ப்பின் கியரில் பொருந்த வேண்டும். கன்வெர்ட்டரை உள்ளே தள்ளிக்கொண்டே மெதுவாகச் சுற்றினால் படிப்படியாக, இரண்டு மூன்று முறை ‘டக்’ என்று விழுந்து உட்காரும். கடைசி ‘டக்’ விழாமல் நின்றால், பம்ப் கியர் மேல் கன்வெர்ட்டர் கழுத்து மோதி நிற்கிறது என்று பொருள். அந்த நிலையில் பெல் ஹவுசிங் போல்ட்டை முடுக்கினால், கிராங்க்கில் இருக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட் கன்வெர்ட்டரைத் தள்ளும், கன்வெர்ட்டர் பம்ப்பைத் தள்ளும். பம்ப் கியர் உடையும், அல்லது பம்ப் கூடு விரியும், அல்லது பெல் ஹவுசிங்கின் காது விரிசல் விடும். சில வண்டிகளில் ஸ்டார்ட் செய்த உடனே தெரிந்துவிடும். சிலவற்றில் நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் தெரியும். அதற்குள் உடைந்த இரும்புத் தூள் வால்வ் பாடி வரைக்கும் போயிருக்கும்.

“லேசாத்தான் முடுக்கினேன்” என்பது இங்கே பதில் ஆகாது. 20 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் 5 கிலோ எடைக்குச் சமமாகக் கையை அழுத்துங்கள். அது சுமார் 10 நியூட்டன் மீட்டர். ஒரு கையால் அலட்சியமாக இழுத்தாலே வந்துவிடும். ஆனால் அதே 10 நியூட்டன் மீட்டர் ஒரு எம்10 போல்ட்டில் சுமார் 500 கிலோ இழுப்பாக மாறுகிறது. நான்கு போல்ட் என்றால் 2 டன். பம்ப் கியரின் இரண்டு சின்னப் பற்கள் அந்த 2 டன்னைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. போல்ட்டின் பலமே இதுதான்: கைக்கு ஒன்றும் தெரியாத விசையை அது டன் கணக்கில் பெருக்கிவிடும்.

எனவே பாக்ஸைத் தரையில் வைத்திருக்கும்போதே கன்வெர்ட்டர் உட்கார்ந்துவிட்டதா என்று அளந்து பாருங்கள். பெல் ஹவுசிங் முகத்தின் குறுக்கே ஒரு நேர்ப்பட்டையை வையுங்கள். அங்கிருந்து கன்வெர்ட்டரின் போல்ட் காது வரை எத்தனை மில்லிமீட்டர் ஆழம் என்று வெர்னியரில் எடுங்கள். அந்த மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் அந்த ஆழம் போட்டிருக்கும். புத்தகம் கிடைக்காவிட்டால், இறக்கும்போதே அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றும்போது கன்வெர்ட்டர் முன்னால் வழுக்கி வராதபடி ஒரு பட்டையால் கட்டிவிடுங்கள். தரையில் சரியாக உட்கார்ந்தது, பாக்ஸைச் சாய்க்கும்போது ஒரு படி வெளியே வந்துவிடுவது சகஜம்.

ஏற்றும்போது பாக்ஸின் சாய்வும் எஞ்சினின் சாய்வும் ஒன்றாக இருக்க வேண்டும். எஞ்சின் பிளாக்கில் இருக்கும் டவல் பின்கள் இரண்டும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பழைய பாக்ஸோடு ஒட்டிக்கொண்டு போன பின்னை யாரும் தேடுவதில்லை. பின் இல்லாமலும் போல்ட் ஏறும், ஆனால் பாக்ஸும் கிராங்க்கும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. கால் மில்லிமீட்டர் விலகினால்கூடக் கன்வெர்ட்டர் ஒவ்வொரு சுற்றிலும் பம்ப் புஷ்ஷைத் தேய்க்கும், ஆயில் சீல் ஒழுகும், ஃப்ளெக்ஸ் பிளேட் விரியும். வெள்ளத்தில் நின்ற வண்டியில் டவல் பின்னிலும் கிராங்க் நடுக்குழியிலும் துரு பிடித்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்து, கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். பாக்ஸ் வழுக்கிக்கொண்டு வரும்.

இரண்டு முகங்களும் சுற்றிலும் ஒரே மாதிரி ஒட்டிய பிறகுதான் போல்ட்டைக் கையில் எடுக்க வேண்டும். ஒட்டவில்லை என்றால் நிறுத்திவிட்டு, ஏன் ஒட்டவில்லை என்று பாருங்கள். கன்வெர்ட்டராக இருக்கலாம், சாய்வாக இருக்கலாம், நடுவில் மாட்டிக்கொண்ட வயர் செட்டாகவும் இருக்கலாம். பெல் ஹவுசிங்கின் மேல்பக்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு வயர் நசுங்கிவிட்டால், பிறகு சென்சார் கோளாறு என்று நாலு நாள் ஸ்கேனரோடு அலைய வேண்டியிருக்கும்.

ஒட்டிவிட்டது என்றால் எல்லா போல்ட்டையும் கையாலேயே மூன்று நான்கு சுற்று போடுங்கள். ஏறாத போல்ட்டை ஸ்பேனரால் ஏற்றாதீர்கள். அலுமினியக் கூட்டில் மரை குறுக்கே ஏறினால் கூடுதான் போகும். எம்10-ல் 1.25 மரையும் உண்டு, 1.5 மரையும் உண்டு. இரண்டும் முதல் சுற்றில் ஏறிவிடும், மூன்றாவது சுற்றில்தான் வித்தியாசம் தெரியும். வெள்ளம் பார்த்த வண்டியில் அடைப்புத் துளைகளுக்குள் வண்டலும் தண்ணீரும் நிற்கும். அதோடு போல்ட்டைப் போட்டு முடுக்கினால், அடியில் சிக்கிய தண்ணீருக்குப் போக வழியில்லாமல் வார்ப்பே பிளந்துபோகும். காற்றடித்து, டேப் ஓட்டி, துணியால் துடைத்துவிட்டுப் போடுங்கள். காற்றடிக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும்.

எல்லாம் கையால் ஏறியாயிற்றா? இன்னும் ஒன்று பார்க்க வேண்டும். சோதனைத் துளை வழியே கன்வெர்ட்டரைக் கையால் சுற்றிப் பாருங்கள். தாராளமாகச் சுற்ற வேண்டும். முன்னும் பின்னும் சில மில்லிமீட்டர் நகர வேண்டும். ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் கன்வெர்ட்டருக்கும் நடுவில் அந்த இடைவெளி இருந்தால், பம்ப் பத்திரமாக இருக்கிறது. சுற்றவில்லை என்றால், எவ்வளவு நேரம் ஆகியிருந்தாலும் பாக்ஸை இறக்குங்கள். மறுபடி ஏற்ற ஒரு மணி நேரம் போகும். இறக்காவிட்டால் ஒரு பாக்ஸே போகும்.

இனி முடுக்கும் வேலை.

போல்ட்டை முடுக்கும்போது அது கொஞ்சம் நீள்கிறது. நீண்ட இரும்பு திரும்பச் சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருங்கும் விசைதான் இரண்டு முகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. 8.8 என்று தலையில் எழுதிய ஒரு எம்10 போல்ட்டைச் சுத்தமான, காய்ந்த மரையில் 50 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கினால் சுமார் இரண்டரை டன் பிடிப்பு கிடைக்கும். ஆனால் நாம் போடும் பலத்தில் ஏறத்தாழ பாதி, போல்ட் தலையின் அடியில் உரசலிலேயே போய்விடுகிறது. இன்னொரு 40 சதவீதம் மரை உரசலில் போகிறது. மிச்சம் 10 சதவீதம்தான் பிடிப்பாகிறது.

இந்தக் கணக்கை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால், மரையில் ஆயில் தடவும் பழக்கத்தின் ஆபத்து புரியும். ஆயில் உரசலைக் குறைக்கிறது. உரசலில் போக வேண்டிய பலம் பிடிப்புக்குத் திரும்புகிறது. அதே 50 நியூட்டன் மீட்டரில், ஆயில் தடவிய அதே போல்ட் மூன்றேகால் டன்னுக்கு மேல் இழுக்கும். 8.8 எம்10 போல்ட் நிரந்தரமாக நீளாமல் தாங்கும் எல்லை கிட்டத்தட்ட அங்கேதான் இருக்கிறது. ரெஞ்ச் சரியான எண்ணில்தான் ‘கிளிக்’ என்றது, ஆனால் போல்ட் எல்லையில் நிற்கிறது. துரு பிடித்த மரையில் நேர் எதிராக நடக்கும்: ‘கிளிக்’ கேட்கும், பிடிப்பு இருக்காது. சுத்தமான மரையில்கூட டார்க் ரெஞ்ச் தரும் பிடிப்பு சுமார் 25 சதவீதம் முன்பின் போகக்கூடியதுதான். மரையை அழுக்காக விட்டு அந்த வித்தியாசத்தை நாமே இன்னும் கூட்டக் கூடாது. புத்தகம் ‘காய்ந்த மரை’ என்றால் காய வைத்துப் போடுங்கள். ‘ஆயில் தடவி’ என்றால் தடவிப் போடுங்கள். ‘லாக்கிங் பசை’ என்றால் பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதுசு போடுங்கள்.

கூடுதலாக இருந்தாலாவது பரவாயில்லை, தளர்ந்துவிடக் கூடாது என்று நினைப்பவர்கள் உண்டு. போல்ட் ஏன் தளர்கிறது என்று ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்டு யுங்கர் 1969-ல் செய்து காட்டினார். சேர்ந்த இரண்டு முகங்கள் பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்று நழுவினால்தான் போல்ட் தானாகக் கழல ஆரம்பிக்கிறது. முகங்கள் நழுவாத அளவுக்குப் பிடிப்பு இருந்தால் போல்ட் நிற்கும். பிடிப்பு குறைந்தால் ஸ்பிரிங் வாஷர் அதைக் காப்பாற்றாது. ஸ்பிரிங் வாஷரை நம்பிக் குறைவாக முடுக்குவதும், வாஷரே நசுங்கும்படி அதிகமாக முடுக்குவதும் இரண்டும் தப்பு. மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை ஏறும் கரடுமுரடு பாதையில் ஒரு வண்டி போய்வந்தாலே, குறைவாகப் பிடித்த பெல் ஹவுசிங் தன் குறையைக் காட்டிவிடும்.

வெயிலையும் கணக்கில் வையுங்கள். பாளையங்கோட்டை வெயிலில் நின்று, நாங்குநேரி நாலுவழிச் சாலையில் ஓடி வந்த பாக்ஸின் சூடு சாதாரணமானது அல்ல. அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். கூடு விரியும்போது இரும்புப் போல்ட்டின் இழுப்பு இன்னும் கூடும். குளிர்ந்த பாக்ஸில் எல்லைவரை முடுக்கிய போல்ட், சூடேறியதும் அலுமினிய மரையைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். சூட்டில் கூடப்போகும் இந்த இழுப்பையும் சேர்த்துத்தான் தயாரிப்பாளர் தன் எண்ணைக் குறிக்கிறார்.

முடுக்கும் வரிசையும் முக்கியம். ஒரு மூலையில் தொடங்கிச் சுற்றிக்கொண்டே வந்தால் முகம் சாய்ந்து உட்காரும். எதிரெதிர் போல்ட்டாக, முதலில் மூன்றில் ஒரு பங்கு, பிறகு மூன்றில் இரண்டு பங்கு, கடைசியில் முழு அளவு என மூன்று சுற்றாகப் போங்கள். முடிந்த ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். போன் வந்து நீங்கள் எழுந்து போனாலும், திரும்பி வந்து எது முடிந்தது, எது முடியவில்லை என்று அந்தக் கோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

கன்வெர்ட்டரை ஃப்ளெக்ஸ் பிளேட்டோடு சேர்க்கும் போல்ட்டுகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். கிராங்க் புல்லியைச் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு போல்ட்டையும் துளைக்கு நேராகக் கொண்டுவந்து, முதலில் எல்லாவற்றையும் கையால் போடுங்கள், பிறகு முடுக்குங்கள். ஒன்றை முழுக்க முடுக்கிவிட்டு அடுத்ததைத் தேடினால் துளை விலகி நிற்கும். அங்கே பழைய போல்ட்டே வேண்டும், அல்லது அதே நீளத்தில் கம்பெனி போல்ட் வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் நீளம் கூடினால் கன்வெர்ட்டரின் முகத்தை வெளியிலிருந்து குத்தி உள்ளே மேடாக்கிவிடும். உள்ளே லாக்கப் கிளட்ச் உரசும் முகம் அதுதான். ஃப்ளெக்ஸ் பிளேட்டைக் கிராங்க்கோடு பிடிக்கும் போல்ட்டுகள் சில மாடல்களில் ஒருமுறை மட்டும் போடக்கூடியவை. ஒரு அளவு வரை முடுக்கி, பிறகு இத்தனை டிகிரி திருப்பு என்று புத்தகம் சொல்லும். அப்படிச் சொன்ன போல்ட் கழற்றும்போதே தன் ஆயுளை முடித்துவிட்டது. வண்டிக்காரரிடம் புதுசுக்குப் பணம் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

சின்னப் போல்ட்டுகளில்தான் கை அதிகமாகத் தப்புகிறது. வால்வ் பாடியையும் ஆயில் பேனையும் பிடிக்கும் எம்6 போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டரைச் சுற்றித்தான் அளவு இருக்கும். அதை அரை இஞ்சு ராட்செட்டில் முடுக்கினால் உடைந்த பிறகுதான் தெரியும். உடையாவிட்டாலும் வால்வ் பாடி மயிரிழை அளவு வளைந்து, வால்வுகள் உள்ளே இறுகி, கியர் உதைத்து விழும். பேன் ஓரம் வளைந்தால் கேஸ்கெட் பிதுங்கி ஆயில் ஒழுகும். ஒழுகுகிறதே என்று இன்னும் முடுக்குவோம், இன்னும் ஒழுகும்.

போல்ட்டுகளைக் கலக்காமல் வைப்பதைப் பற்றி ஒரு சம்பவம் சொல்கிறேன். 1990 ஜூன் 10 அன்று இங்கிலாந்தில் பர்மிங்காமிலிருந்து ஸ்பெயின் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்றில், மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே விமானியின் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு பறந்தது. கேப்டனின் உடலில் பாதி வெளியே போய்விட்டது. உடன் இருந்தவர்கள் அவர் காலைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் பிழைத்தார். காரணத்தைத் தேடியபோது கிடைத்தது இது: முந்தைய நாள் அந்தக் கண்ணாடியை மாற்றியபோது போட்ட 90 போல்ட்டுகளில் 84 விட்டம் குறைந்தவை, மிச்சம் 6 நீளம் குறைந்தவை. மாற்றியவர் அனுபவசாலி. பட்டியலில் எண்ணைப் பார்க்காமல், கழற்றிய பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பார்வைக்கு அதே மாதிரி இருந்ததை எடுத்தார். விட்டத்தில் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

பெல் ஹவுசிங் போல்ட்டுகளிலும் இரண்டு மூன்று நீளங்கள் இருக்கும். ஸ்டார்ட்டர் மோட்டாரோடு சேர்ந்து போகும் போல்ட் ஒன்று, எஞ்சின் பக்கத்திலிருந்து வரும் போல்ட் ஒன்று. ஒரு அட்டையில் பெல் ஹவுசிங்கின் வடிவத்தை வரைந்து, கழற்றிய போல்ட்டை அதே இடத்தில் குத்தி வையுங்கள். பட்டறையின் பழைய டப்பாவில் துழாவி எடுத்த போல்ட்டை மட்டும் இங்கே போடாதீர்கள். 8.8-க்குப் பதில் எண்ணே இல்லாத போல்ட்டும், 10.9-க்குப் பதில் 8.8-ம் பார்வைக்கு ஒன்றுதான். எர்த் பட்டை எந்தப் போல்ட்டில் இருந்தது என்றும் அதே அட்டையில் எழுதுங்கள். அதை விட்டுவிட்டால் ஸ்டார்ட்டரின் கரண்ட் கியர் கேபிள் வழியே வழி தேடும்.

நல்ல போல்ட் கிடைக்காத நாட்டில் நாம் இல்லை. மதுரையில் பஸ் ஓட்டித் தொழிலைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1877-ல் பிறந்தது நம் திருக்குறுங்குடியில். அவர் தொடங்கிய குழுமத்திலிருந்து வந்த சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ், 1966 முதல் சென்னை பாடியில் உயர் இழுவலிமை போல்ட்டுகள் செய்கிறது. உலகத்துக்கே போல்ட் அனுப்புகிற மாநிலத்தில், டப்பா போல்ட்டால் ஒரு கியர் பாக்ஸ் கெடுவது நமக்கு அழகல்ல.

டார்க் ரெஞ்ச் இரண்டு வேண்டும். சின்னப் போல்ட்டுக்கு 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை ஒன்று, பெரியதற்கு 20 முதல் 110 வரை ஒன்று. இரண்டும் சேர்ந்து சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஒரு பம்ப் உடைந்தால் வரும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அளவுக்கோட்டின் அடியில் ஐந்தில் ஒரு பங்கை நம்பாதீர்கள். கைப்பிடியின் நடுவில் பிடித்து நிதானமாக இழுங்கள். ஒரு ‘கிளிக்’ கேட்டால் போதும், சந்தேகத்துக்கு இன்னொரு முறை இழுப்பது அளவைத் தாண்டும். கழற்ற அதைப் பயன்படுத்தாதீர்கள். வேலை முடிந்ததும் குறைந்த எண்ணுக்குத் திருப்பி உறையில் வையுங்கள். ஐ.எஸ்.ஓ. 6789 தரம் சொல்வது போல, 12 மாதம் அல்லது 5,000 முடுக்கு ஆனதும் அளவு சரிபார்க்கக் கொடுங்கள். இம்பாக்ட் கன் கழற்றுவதற்கு நல்ல கருவி, பாக்ஸ் ஏற்றும்போது அது சுவரில் தொங்கட்டும்.

எண்ணை எடுக்கும்போது அலகைப் பாருங்கள். 50 பவுண்ட் அடி என்பது 68 நியூட்டன் மீட்டர். கிலோகிராம் மீட்டரில் போட்டிருந்தால் 9.8-ஆல் பெருக்க வேண்டும். நான் மேலே சொன்ன எண்கள் கணக்கைப் புரியவைக்கச் சொன்னவை. உங்கள் முன்னால் நிற்கும் வண்டிக்கு அந்த மாடலின் புத்தகம் சொல்வதுதான் அளவு.

மூத்த அண்ணாச்சிமாருக்கு ஒரு வார்த்தை. முப்பது வருடம் அம்பாசடரும் லாரியும் பார்த்த உங்கள் கையை நான் குறைத்துச் சொல்லவில்லை. மரை நேராக ஏறுகிறதா, பாக்ஸ் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று எந்தக் கருவியும் சொல்லாது. உங்கள் கைதான் சொல்லும். அந்த அறிவைத் தம்பிகளுக்குக் கொடுங்கள். போல்ட்டுக்குள் எத்தனை கிலோ இழுப்பு நிற்கிறது என்பதை மட்டும் கருவியிடம் விடுங்கள். பட்டறையில் நீங்கள் ரெஞ்சை எடுத்தால்தான் சின்னப் பையனும் எடுப்பான். பெரியவர் பைப் மாட்டி முடுக்கும் இடத்தில் அவன் எண்ணைப் பார்க்க மாட்டான்.

பேட்டை அரசு ஐ.டி.ஐ.யிலும் மற்ற பயிற்சி நிலையங்களிலும் மோட்டார் வாகனப் பிரிவில் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு பழைய அலுமினியக் கூட்டையும் ஒரு பை எம்6 போல்ட்டையும் மாணவர்களிடம் கொடுங்கள். முதலில் கை மதிப்பில் முடுக்கச் சொல்லி அளந்து காட்டுங்கள். பிறகு மரை போகும்வரை முடுக்கச் சொல்லுங்கள். 10 நியூட்டன் மீட்டர் எப்படி இருக்கும், மரை போகப்போகும் நொடி எப்படி இருக்கும் என்று கை ஒருமுறை அறிந்துகொண்டால், வாடிக்கையாளர் வண்டியில் அதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்காது.

வண்டிக்காரர்கள் அவசரப்படுத்துவார்கள். “சாயங்காலம் குற்றாலம் போணும்” என்பார்கள். அவர்களிடம் கன்வெர்ட்டர் ஆழத்தை எழுதிய சீட்டையும், பெயின்ட் கோடு போட்ட போல்ட்டின் போட்டோவையும் காட்டுங்கள். எந்தப் போல்ட் எந்த அளவு, யார் முடுக்கியது என்று ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அந்தக் காகிதம் கையில் இருக்கும் வண்டிக்காரர் அடுத்த முறை தொலைவில் இருக்கும் பெரிய ஊருக்கு வண்டியை இழுத்துப் போக மாட்டார். வேலை சுத்தமாக இருந்தால் கூலியைக் குறைத்துக் கேட்கவும் அவருக்கு மனம் வராது.

இன்று இரவு கடையை மூடுவதற்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். நீங்கள் அதிகம் பார்க்கும் ஐந்து மாடல்களின் கன்வெர்ட்டர் ஆழத்தையும் போல்ட் அளவுகளையும் எடுத்து, பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுங்கள். டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் பக்கத்துப் பட்டறைகளோடு சேர்ந்தாவது ஒன்று வாங்குங்கள். போல்ட்டைப் போட்டுப் பாக்ஸை இழுப்பதை இந்தப் பட்டறையில் யாரும் செய்யக் கூடாது என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள். அடுத்து ஏற்றப் போகும் பாக்ஸிலிருந்தே அது நடைமுறைக்கு வரட்டும்.

அன்புடன்,
இந்தத் தொழிலைக் கற்றும் கற்பித்தும் வரும் உங்களில் ஒருவன்,
பாளையங்கோட்டை